ஒரே வரி, இரண்டு தரம்

கதவைச் சாத்தினால் சத்தம் அடங்கிவிடும் என்று வெளியே இருக்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் அடங்குவதில்லை. வெளிச்சத்தம் போனதும் அதுவரை ஒதுங்கி நின்றிருந்த உள்சத்தமெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். முதலில் மூச்சு கேட்டது. அப்புறம் எச்சில் விழுங்குவது, அதுவும் தொண்டையில் இல்லாமல் காதோரமாக வேறு யாரோ விழுங்குகிற மாதிரி. அப்புறம் ரத்தம் ஓடுவது. பூங்கோதைக்கு இந்த அறை புதிதில்லை. காதுக் கருவிகளைச் சோதிப்பதற்காகக் கம்பெனி கட்டிவைத்த, ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய அறை. சுவரெல்லாம் பஞ்சு, ஒரு பக்கம் மட்டும் தடித்த கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனைப் பிரிவு ரெஜினா. பல தடவை வந்து உட்கார்ந்திருக்கிறாள், வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கிறாள். இன்றைக்குச் சும்மா உட்காருவதுதான் வேலை. மேஜை மேல் கருவி அணைந்து கிடந்தது. உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளைப் பெட்டி, அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர், ஒயரின் நுனியில் மிளகை விடச் சற்றே பெரிய ரப்பர் மூக்கு. பிறந்து ஒரு நாள் ஆன குழந்தையின் காதுக்குள் போகிற மூக்கு. குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போதே கருவி உள்ளே மிக மெல்லிய சத்தம் ஒன்றை அனுப்பும், நல்ல காதாக இருந்தால் அந்தக் காது தானாகவே ஒரு சத்தத்தைத் திருப்பி அனுப்பும், அதைக் கேட்டுப் பச்சை விளக்கு எரியும். பதில் வரவில்லை என்றால் சிவப்பு. இவ்வளவு சின்னக் காது பதில் பேசுமா என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு நம்பிக்கையே வரவில்லை. பேசும். காதுக்கு வாயும் இருக்கிறது. அந்தக் கருவிகள்தான் இப்போது அட்டைப்பெட்டிகளில் கீழ்த்தளத்தில் அடுக்கியிருந்தன, இன்று மதியம் வண்டி ஏறி, நாளைக் காலையில் மலையடிவாரத்துப் பிரசவ ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளின் காதுக்குள் போகப்போகின்றன. அவற்றை எழுப்பிவிடுகிற நிரல் அவள் திருத்தி எழுதியது. எழுப்பும்போது ஒரு சத்தம் வருகிறதா இல்லையா என்பதை வண்டி கிளம்புவதற்குள் அவள் சொல்லியாக வேண்டும்.

நேற்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அது கேட்டது. ஒரே ஒரு தரம். சும்மா ஒரு பெட்டியைப் பிரித்து, மூக்கைக் காதில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள், எதையும் சோதிக்கிற எண்ணம் கூட இல்லை, புதுச் செருப்பைக் காலில் போட்டுப் பார்ப்பது போலத்தான். டப் என்றது. விரலைச் சொடுக்கினது போல என்று சொல்லலாம், ஆனால் சொடுக்கினது காதுக்கு வெளியே இல்லை, உள்ளே, மூளைக்குப் பக்கத்தில். மூக்கைப் பிடுங்கிவிட்டாள். திரும்பவும் அணைத்து, திரும்பவும் எழுப்பினாள். ஒன்றுமில்லை. இன்னொரு தரம். ஒன்றுமில்லை. ரெஜினாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள். ரெஜினா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஒண்ணும் இல்லீங்களே மேடம். அந்த ரூம்ல ஒக்காந்தா எனக்குக்கூட எங்கம்மா கூப்பிடற மாதிரி கேக்கும். வெளிய வந்தாச் செரியாப் போயிரும்" என்றாள். ரெஜினாவின் அம்மா இருக்கிறாளா போய்விட்டாளா என்று பூங்கோதை கேட்கவில்லை. காலையில் வந்ததும் அளக்கும் கருவியை எடுத்து வந்து மாட்டிப் பார்த்தாள். அதன் ஊசிமுனை தொட்டாலே போதும், அந்த வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கசிந்து உள்ளே போய்விடுகிறது, சத்தம் போடுகிற சிப் அரைத்தூக்கத்திலேயே கிடக்கிறது, முழுசாகத் தூங்குவதில்லை. தூங்காததை எழுப்ப முடியாதே. சோதனை மேஜையில் இருக்கிற ஒலிப்பதிவும் உதவவில்லை, ஏனென்றால் கருவி 'நான் தயார்' என்று சொன்ன பிறகுதான் அது பதிவு பண்ணவே ஆரம்பிக்கும். தயார் என்று சொல்வதற்கு முன்னால் நடப்பதை யாரும் கேட்பதில்லை. எந்த யந்திரத்துக்கும் கேட்காத அந்த ஒரு நொடிக்குக் காதுதான் சாட்சி, அதுவும் இவளுடைய ஒரு காது. இதைப் போய் யாரிடம் சொல்வது? பேட்டரியைக் கழற்றிவைத்து, உள்ளே மிச்சமிருக்கிற மின்சாரமும் வடிந்து சிப் முழுசாகத் தூங்கட்டும் என்று ஆறப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

சிப்பை எழுப்புவதென்பது ஒன்றும் பெரிய கம்ப சூத்திரமில்லை. முதலில் அதன் வாயை மூடவேண்டும். பிறகு மின்சாரம் கொடுக்கவேண்டும், அதன் கடிகாரத்தை ஓடவிட வேண்டும், கொஞ்சம் பொறுக்கவேண்டும், எல்லாம் நிலைக்கு வந்த பிறகு மெதுவாக வாயைத் திறந்துவிட வேண்டும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எழுந்தால் எழுகிற அதிர்ச்சி மொத்தமும் சத்தமாக வெளியே வரும். அவளுக்கு முன்னால் இந்த நிரலை எழுதியவர் தேவசகாயம் சார், அவர் எழுதியிருந்த விதம் கூட்ஸ் வண்டி மாதிரி. போத்தனூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர், அதனாலோ என்னவோ. மேலே ஆரம்பித்தால் கீழே வரைக்கும் ஒரே நீளம், பிரிவு கிடையாது, பெயர் கிடையாது, விளக்கம் கிடையாது. இந்த எண்ணை அங்கே எழுது, அந்த எண்ணை இங்கே எழுது, பொறு, எழுது, பொறு. திரையில் உருட்டிக்கொண்டே இருந்தால் விரல் வலிக்கும். பூங்கோதை அவரிடம் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறாள். "சார், நாளைக்குப் புதுசா ஒருத்தர் வந்து இதப் படிச்சா என்னங்க புரியும்? சின்னச் சின்னதாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சுட்டா நல்லா இருக்குமில்லீங்களா" என்பாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "பேர் வெச்சா நல்லாத்தாங்க இருக்கும். நல்லாத்தான் இருக்கும். ஆனா பேர் வெச்சதுக்கப்புறம் உள்ள என்ன இருக்குதுன்னு யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. பேரையே படிச்சுட்டுப் போயிருவாங்க. போயிருவாங்க." எதையும் இரண்டு தரம் சொல்வார் அந்த மனுஷன். வாங்க வாங்க, சரிங்க சரிங்க என்று எல்லோரும் சொல்வது போல இல்லை. முழு வாக்கியத்தையும் திருப்பிச் சொல்வார், நடுவில் ஒரு மூச்சு விட்டுவிட்டு. கேன்டீனில் ஒரு காபி வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லி இரண்டு காபி வந்து நின்ற நாளெல்லாம் உண்டு. எக்கோ சார் என்று பையன்கள் பெயர் வைத்திருந்தார்கள். பூங்கோதையும் சிரித்திருக்கிறாள், சிரிக்காமல் இருக்க முடியாது. அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

அவள் எழுதியது அழகாக இருந்தது. அதை அவளே சொல்லக்கூடாது, ஆனால் இருந்தது. வாயை மூடு, மின்சாரம் கொடு, கடிகாரத்தை ஓட்டு, பொறு, வாயைத் திற. மேலே ஐந்தே பெயர்கள், படித்தால் சின்னக் குழந்தைக்கும் புரியும், ஒவ்வொரு பெயருக்கும் உள்ளே அதனதன் வேலை அடைசல் இல்லாமல் அடுக்கியிருக்கும். மேனேஜர் சிவசண்முகம் புதிதாகச் சேர்ந்தவர்களை உட்காரவைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் போட்டுக் காட்டினார். "கோட்னா இப்படி இருக்கோணும். பாத்தாலே மனசு குளுருது பாருங்க" என்றார். உண்மையிலேயே பூங்கோதைக்கும் மனசு குளிர்ந்தது. இப்போது உட்கார்ந்து யோசித்தால் அந்தக் குளிர்ச்சியில்தான் ஏதோ இடறுகிறது. எதை மாற்றினாள்? வரிசையை மாற்றவில்லை. பொறுக்கிற நேரத்தைக் குறைக்கவில்லை, அதில் கை வைக்கப் பயம். எண்களுக்குப் பெயர் கொடுத்தாள், பெயருக்கு ஆபத்து இல்லை. பிறகு அந்த ஒரு வரி. வாயை மூடு என்கிற வரி அவருடைய நிரலில் இரண்டு தரம் இருந்தது, எழுத்து மாறாமல், நடுவில் ஒரு காலி இடம் விட்டு. ஒன்றை எடுத்துவிட்டாள். அது ஒன்றுமில்லை. மூடின வாயைத் திரும்ப மூடச் சொல்வதில் என்ன இருக்கிறது, கை தவறி ஒட்டினது. வேறு என்ன மாற்றினாள்? திரும்ப மேலிருந்து ஆரம்பித்தாள். வாயை மூடு, மின்சாரம் கொடு.

அவள் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது கூப்பிட்டால் திரும்ப மாட்டான். நாலு மாசம். ஐந்து மாசம். பக்கத்து வீட்டுக் குழந்தை கதவு சாத்தினால் கூடத் தூக்கிவாரிப் போட்டு அழும், இவன் கண்ணை மூடிக்கொண்டு சொகுசாகக் கிடப்பான். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவன் தலைக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுவாள். முதலில் மெதுவாக. திரும்பவில்லை என்றால் கொஞ்சம் பலமாக. அதற்கும் திரும்பவில்லை என்றால் தட்டை அவன் காதுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோவாள். புருஷனிடம் சொல்லவில்லை. மாமியாரிடம் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று ஒரு பயம். காதுக்குக் கருவி செய்கிற கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு சொந்தக் குழந்தையின் காதுக்குள் அந்த மூக்கை வைத்துப் பார்க்கத் தைரியம் இல்லாமல் ஒரு மாசம் ஓட்டினாள். கடைசியில் வைத்தது தேவசகாயம் சார்தான். குழந்தையை ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு வரச்சொல்லி, இதே அறையில், இதே நாற்காலியில் அவளை உட்காரவைத்து, மடியில் பையன் தூங்க, கருவியைக் கையில் எடுத்தவர் நேராகக் குழந்தையிடம் போகவில்லை. முதலில் மூக்கைத் தன் காதில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். கேட்டார். பிறகு துடைத்துவிட்டு வேறு ரப்பர் மாட்டிக் குழந்தைக்கு வைத்தார். "மொதல்ல என் காது. மொதல்ல என் காதுங்க" என்று சிரித்தார். பச்சை விளக்கு எரிந்தபோது பூங்கோதை அழுதுவிட்டாள், பையன் எழுந்துகொண்டு அவனும் அழுதான். இப்போது அவன் எட்டாவது படிக்கிறான், ஹெட்போன் மாட்டிக்கொண்டு கூப்பிட்டால் திரும்புவதில்லை, அது வேறு.

ஆறியிருக்கும் என்று தோன்றியது. பேட்டரியை மாட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெஜினா தலை நிமிர்ந்தாள். மூக்கை இடது காதில் பொருத்தி, கண்ணை மூடி, பொத்தானில் விரலை வைத்தபோது விரல் நுனியில் கூட நாடி அடித்தது. அழுத்தினாள். ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் மென்மையாக அந்தச் சோதனைச் சத்தம் வந்தது, கருவி தயாராகிவிட்டது, அவள் காதும் வழக்கம்போலப் பதில் பேசியிருக்க வேண்டும், பச்சை எரிந்தது. நாற்காலியில் சாய்ந்தாள். பிரமை. வேலை மிகுந்து போனால் வருகிற பிரமை. ரெஜினாவுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டலாம் என்று கையை எடுத்தவள், கருவியின் பின்பக்கத்தில் அந்தக் கறுப்பு ஒயரைப் பார்த்தாள். கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஒயர். காலையிலிருந்து மாட்டியபடியே கிடக்கிறது. பேட்டரியைக் கழற்றிவைத்து ஆறப்போட்டுவிட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள், அதுவோ இந்த வால் வழியாக இத்தனை நேரமும் ஒருவாய் ஒருவாயாகக் குடித்துக்கொண்டு கண்ணைத் திறந்து படுத்திருந்திருக்கிறது. சோதனை மேஜையிலும் இதே வால்தான். அங்கே ராப்பகலாக யந்திரமே அணைத்து அணைத்து எழுப்பிப் பார்க்கிற கருவிகள் எல்லாவற்றிலும் இதே வால். இந்தக் கட்டடத்தில் ஒரு கருவி கூட முழுசாகத் தூங்கினதில்லை. அட்டைப்பெட்டிக்குள் கிடப்பவைதான் தூங்குகின்றன. அவள் வாலைப் பிடுங்கினாள், பேட்டரியைக் கழற்றினாள், திரும்பவும் உட்கார்ந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவசண்முகம் வந்து நின்றார். கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பிறகு வாயை அசைத்தார், ஒன்றும் கேட்காது என்று தெரிந்தும் இந்த அறைக்கு முன்னால் எல்லோரும் பேசத்தான் செய்கிறார்கள். ரெஜினாவிடம் ஏதோ கேட்டார், ரெஜினா தோளைக் குலுக்கினாள். மீன்தொட்டி மாதிரி இருந்தது, ஆனால் யார் தொட்டிக்குள் இருப்பது என்று தெரியவில்லை. பூங்கோதை கையால் கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டினாள், அவர் சிரித்துக்கொண்டே போனார். நல்ல மனுஷன். சத்தம் கேட்டது என்று நேற்றே சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பாரா? எத்தனை தரம் கேட்டது என்பார். ஒரு தரம் என்றால், ரெக்கார்டிங் இருக்கிறதா என்பார். இல்லை என்றால், பூங்கோதை, நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க என்பார். அதுவும் நியாயம்தான், அவளாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அந்த வரியை எடுத்த அன்றைக்கு மீட்டிங்கில் எல்லோரும் இருந்தார்கள். திரையில் ஒரே வரி இரண்டு தரம் நிற்பதைப் பார்த்ததும் யாரோ, "எக்கோ சார் கோட்லயும் எக்கோ அடிச்சிருக்காருங்க" என்றார்கள். அறையே சிரித்தது. பூங்கோதையும் சிரித்துக்கொண்டே அழித்தாள். செத்துப்போனவரை நினைத்துப் பிரியமாகத்தான் சிரித்தார்கள், அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஏன் இரண்டு தரம் என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. அவர் அப்படித்தானே, அதற்கு மேல் என்ன கேட்பது. மனுஷனுக்கு ஒரு பெயர் வைத்தாகிவிட்டது, அப்புறம் எதற்கு எட்டிப் பார்க்க வேண்டும்.

அவர் இருந்தவரைக்கும் அந்த நிரலில் யாரையும் கை வைக்க விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து சட்டையைக் கழற்றியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார் என்றார்கள். செய்தி வந்தபோது பூங்கோதைக்குத் துக்கமாக இருந்தது, நிஜமான துக்கம், ஆனால் துக்கத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு திறந்ததும் அவளுக்குத் தெரிந்தது. இனிமேல் அதைப் பிரித்து எழுதலாம். இழவு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து மனசுக்குள் பெயர்கள் வைத்துக்கொண்டே போனாள், வாயை மூடு, மின்சாரம் கொடு. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அவர் அந்தப் பக்கமிருந்து பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார், பிச்சுப் போடாதீங்க, பிச்சுப் போடாதீங்க. போத்தனூரில் அந்தச் சின்ன வீடு. வாசலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், உள்ளே மெழுகுவர்த்தி வாசம். அவர் மனைவி பூங்கோதையின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காரவைத்தார். ஜன்னலோரம் அவர் மகள் நின்றிருந்தாள், காலேஜ் படிக்கிற பெண், இரண்டு காதிலும் கருவி. மூன்று வயசு வரைக்கும் அந்தப் பெண்ணுக்குக் காது கேட்கவில்லை என்பதே யாருக்கும் தெரியவில்லை, அப்போது இந்த மாதிரிக் கருவியெல்லாம் ஊரில் கிடையாது, அதற்கப்புறம்தான் சார் இந்த வேலைக்கு வந்தார் என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். மனைவி அங்கிருந்தே கூப்பிட்டார், "பெனிட்டா, மேடத்துக்குத் தண்ணி குடும்மா." பெண் திரும்பிப் பார்த்தாள். மனைவி ஒரு மூச்சு விட்டுவிட்டு அதையே அப்படியே திருப்பிச் சொன்னார், "பெனிட்டா, மேடத்துக்குத் தண்ணி குடும்மா." பெண் உள்ளே போனாள். பூங்கோதையின் முகத்தில் எதையோ பார்த்துவிட்டு அந்த அம்மாள் அழுது வீங்கின கண்ணோடு லேசாகச் சிரித்தார். "மொதத் தடவ சொல்றது இவளுக்கு வெறும் சத்தமாத்தாங்க கேக்கும். ஆரோ கூப்படறாங்கன்னு திரும்புவா, அவ்வளவுதான். ரெண்டாந் தடவ சொல்றதுதான் காதுல உழுகும். எங்கூட்ல எல்லாருக்கும் இதே பழகிப் போச்சுங்க. அவரு ஆபீஸ்லயும் இப்படியேதான் பேசிட்டு இருந்தாருங்களா?" ஆமாங்க என்று பூங்கோதை சொன்னாள். தண்ணீர் வந்தது. டம்ளர் சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பு இப்போது கையில் அப்படியே இருக்கிறது, அவள் பிடித்துக்கொண்டிருப்பது கருவியை, அது ஆறிவிட்டது.

முதல் தரம் சொல்வது திரும்புவதற்கு. முழுசாகத் தூங்குகிற சிப்பிடம் வாயை மூடு என்று ஒரு தரம் சொன்னால் அதற்கு அது சொல்லாகவே விழாது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கண் விழிக்கும், அவ்வளவுதான். சொன்னது காற்றோடு போய்விடும். இரண்டாம் தரம் சொல்வதுதான் அதற்குக் கேட்கும். அரைத்தூக்கத்தில் இருக்கிறதென்றால் ஒரு தரமே போதும், இந்தக் கட்டடத்துக்குள் எல்லாமே அரைத்தூக்கம்தான். ஐந்து பெயர்களில் முதல் பெயர் வாயை மூடு, அதன் உள்ளே ஒரே வரி, அந்த வரியை யாரும் கேட்கவில்லை. மின்சாரம் வரும்போது வாய் திறந்தேதான் இருக்கிறது. இதை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எங்கேயாவது ஓட்டை இருக்காதா என்று தேடினாள், இருந்தால் நன்றாக இருக்கும், பெட்டிகள் கிளம்பிவிடும், மனசு குளிரும். ஓட்டை இல்லை. நாளைக் காலை ஏதோ ஒரு நர்ஸ் பெட்டியைப் பிரிப்பாள், இரவெல்லாம் வண்டியில் ஆறிக் கிடந்த கருவி, தூங்குகிற குழந்தை, தாய் பக்கத்தில் படுத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள், மூக்கை முதலில் காதுக்குள் வைத்துவிட்டுத்தான் நர்ஸ் பொத்தானை அழுத்துவாள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், அதுதான் சுலபம். குழந்தையின் காதுக் குழி எவ்வளவு சின்னது. பெரியவர்கள் காதில் சொடுக்காகக் கேட்பது அங்கே என்னவாகக் கேட்கும்? குழந்தை வீறிட்டால் தாய் பயந்துபோவாள், சிவப்பு எரியும், சிவப்பைப் பார்த்து அவளும் தட்டையும் கரண்டியையும் எடுப்பாள். அது பரவாயில்லை, அது பயத்தோடு போய்விடும். வீறிடாமல் போனால்தான். நேற்றுக் கேட்டுக்கொண்டிருந்த காது நாளை முதல் கேட்காமல் போனால், பிறவியிலேயே இப்படி என்று எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். கருவிதான் கெடுத்தது என்று யாருக்குத் தெரியும், கருவிதானே சொல்லப்போகிறது.

தெரிந்துவிட்டது, இனி அழுத்திப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் தெரிந்தது போதாது, தெரிந்துவிட்டது என்று தோன்றின எத்தனையோ விஷயங்கள் பொய்யாகியிருக்கின்றன. வேறு யாரையும் கேட்கச் சொல்லவும் மனசு வரவில்லை. ரெஜினா கண்ணாடிக்கு வெளியே டிபன்பாக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பூங்கோதை வாலைத் தொட்டுப் பார்த்தாள், மாட்டவில்லை. பேட்டரியைப் போட்டாள். மூக்கை இடது காதுக்குள் வைத்து, இந்தத் தடவை குழந்தைக்கு வைப்பது போல நன்றாக அழுத்திப் பொருத்தினாள், இடைவெளி இல்லாமல். முதலில் என் காது. அறை மொத்தமும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது போல இருந்தது, அல்லது அவளுக்குப் பின்னால் யாரோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றது போல. திரும்பிப் பார்க்கவில்லை. அழுத்தினாள்.

நேற்றுக் கேட்டது இதில் பாதி கூட இல்லை. சத்தம் என்றே முதலில் தெரியவில்லை, யாரோ கன்னத்தில் அறைந்தது போலத்தான் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அதற்கப்புறம் ஒரு மெல்லிய விசில், வெகு தூரத்தில் குக்கர் வைத்தது போல, நிற்காமல். மூக்கைப் பிடுங்கிப் போட்டாள். கருவி எதுவும் நடக்காதது போல மேஜையில் கிடந்து தயார் என்றது. ரெஜினா எழுந்து வந்து கதவைத் திறந்து என்னமோ கேட்டாள், உதடு அசைந்தது, விசில்தான் கேட்டது. செல்போன் மேஜையில் அதிர்ந்துகொண்டிருந்தது. சிவசண்முகம். எடுத்து வழக்கம்போல இடது காதில் வைத்தாள், ஏதோ பஞ்சுக்குள்ளிருந்து முணுமுணுப்பு, வலது காதுக்கு மாற்றினாள். மாற்றின கை அப்படியே நின்றது. தேவசகாயம் சார் எப்போதும் போனை வலது பக்கம்தான் வைப்பார். மீட்டிங்கில் இடது பக்கம் சுவர் இருக்கிற நாற்காலியாகப் பார்த்துத்தான் உட்காருவார், யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால் நின்றுகொண்டே இருப்பார். அந்த இரண்டாவது வரி அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இத்தனை நேரமும் அவள் யோசிக்கவே இல்லை. ஊசிமுனையில் தெரியாது, ஒலிப்பதிவில் தெரியாது. இதே நாற்காலியில் உட்கார்ந்து, ஆறப்போட்டு, காதில் வைத்து, ஒரு தரம் இல்லை, அது என்ன என்று பிடிபடுகிற வரைக்கும் எத்தனை தரமோ. கண்டுபிடித்த பிறகு அந்த வரியைத் திருப்பி ஒரு தரம் எழுதிவிட்டு எழுந்து போயிருக்கிறார். விளக்கம் எழுதவில்லை. அவருக்கு அதில் விளக்க என்ன இருந்திருக்கும், வீட்டில் தினமும் பேசுகிற பேச்சுதானே. எழுதியிருக்கலாம் சார், ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம் என்று கோபம் வந்தது, கோபத்தோடு கூடவே அழுகையும் வந்தது.

"என்னங்க பூங்கோதை, லைன்ல இருக்கீங்களா? வண்டிக்காரர் அவசரப்படறாருங்க. ஏத்தீரலாமுங்களா?"

"அனுப்பாதீங்க" என்றாள்.

போனில் ஒன்றும் வரவில்லை. அவர் எதுவும் சொல்லவில்லையா, சொன்னது தன் காதில் விழவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. விசில் மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மூச்சு விட்டாள்.

"அனுப்பாதீங்க" என்றாள்.